விசைப்பலகையிலிருந்து திறன்பேசிக்கு: தமிழாசிரியர் இணையக் கருவிகளைக் கற்ற வரலாறு (1995–2021)

ஆய்வுச்சுருக்கம்

வகுப்பறையில் இணையக் கருவிகள் இடம்பெற்ற வரலாறு பெரும்பாலும் வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டே எழுதப்படுகிறது. கருவியை ஆசிரியர் எவ்வாறு கற்றார், எவரிடம் கற்றார், கற்றதில் எது நிலைத்தது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. தமிழைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு முதல் இணையக் கருவி கணினியன்று, விசைப்பலகையே என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது. 1995இல் சிங்கப்பூரில் தொடங்கிய முயற்சியிலிருந்து 2021இல் தமிழகப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டது வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு, எழுத்துரு, குறியேற்றம், உள்ளீட்டு முறை ஆகியவை ஆசிரியரின் கற்றலை எவ்வாறு வடிவமைத்தன என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்99, ஒருங்குறி, எழுத்துரு, தமிழாசிரியர், இணையவழிக் கற்பித்தல், கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றுக்காலம்.

முன்னுரை

தமிழ்நாட்டில் கல்வித் தொழில்நுட்பத்தைப் பற்றிய அரசுக் குறிப்புகளைப் படிப்போர் இத்தனை மடிக்கணினிகள் வழங்கப்பட்டன, இத்தனை பள்ளிகளில் ஆய்வகங்கள் நிறுவப்பட்டன, இத்தனை பாடங்கள் காணொலியாக்கப்பட்டன என்னும் கணக்குகளையே மிகுதியாகக் காண்பர். கணக்குகள் தேவையானவையே. ஆயினும் அவை கொடுத்தவரின் வரலாறே தவிரப் பெற்றவரின் வரலாறு அல்ல. ஒரு பள்ளிக்குக் கணினி வந்து சேர்ந்த நாளுக்கும் அப்பள்ளியின் தமிழாசிரியர் அதில் ஒரு வினாத்தாளைத் தாமே உருவாக்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் சில இடங்களில் பத்தாண்டுகளையும் கடந்தது. அந்த இடைவெளியில் நிகழ்ந்தவற்றை எந்தப் பதிவேடும் குறித்துவைக்கவில்லை.

இந்த இடைவெளிக்கு ஆசிரியரின் தயக்கமே காரணம் என்று சொல்வது எளிது. அவ்வாறே பலகாலம் சொல்லப்பட்டும் வந்தது. ‘தமிழாசிரியர்கள் கணினிக்கு அஞ்சுகிறார்கள்’ என்னும் கூற்று பயிற்சி அரங்குகளில் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. அக்கூற்று ஓர் அடிப்படை வேறுபாட்டை மறைக்கிறது. ஆங்கிலம் கற்பிப்பவர் கணினியின் முன் அமர்ந்ததும் எழுதத் தொடங்கலாம். கணிதம் கற்பிப்பவர் எண்களைக் கொண்டு தொடங்கலாம். தமிழ் கற்பிப்பவரோ தம் பாடத்தின் முதல் எழுத்தைத் திரையில் காண்பதற்கு முன் ஓர் எழுத்துருவை நிறுவ வேண்டும். ஒரு விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாம் எழுதியது வேறொருவரின் கணினியில் திறக்குமா என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மூன்றாவது வினாவுக்கு 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் உறுதியான விடை சொல்லக்கூடியவர் எவரும் இல்லை.

சிங்கப்பூரில் ஓர் ஆசிரியர்

இணையத்தில் தமிழ் என்னும் வரலாற்றின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்கிறார் என்பது தற்செயலன்று. சிங்கப்பூர் எழுத்தாளரான நா. கோவிந்தசாமி (1946–1999) பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக்கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளராக விளங்கியவர். சிறுகதையாசிரியராக அறியப்பட்ட அவர் கணினித்துறையில் முறையாகப் பயின்றவர் அல்லர். 1995 அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை உள்ளடக்கிய இணையத் தொகுப்பு ஒன்று வெளியிடப்பட்டபோது, அதன் தமிழ்ப் பகுதி அவருடைய பங்களிப்பால் அமைந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோர் தொழில்நுட்பப் பக்கத்தில் அவருடன் இணைந்து பணியாற்றினர். உலகளாவிய வலையில் தமிழ் எழுத்து தோன்றிய தொடக்க நிகழ்வுகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

கோவிந்தசாமியின் ‘கணியன்’ மென்பொருளையும் விசைப்பலகையையும் தொழில்நுட்பச் சாதனையாக மட்டும் காண்பது போதாது. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரமுறை மொழிகள் நான்கனுள் ஒன்று. எனினும் பேசுவோர் தொகையால் சிறியது. அந்நாட்டின் கல்வி அமைச்சு 1997 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டுகளில் 200 கோடி வெள்ளி செலவில், இரண்டு மாணவர்க்கு ஒரு கணினி என்னும் விகிதத்தை எட்டுவதும், பாடநேரத்தில் 30 விழுக்காட்டைக் கணினிவழி நடத்துவதும் அதன் இலக்குகள். இவ்விலக்குகள் எல்லா மொழிப் பாடங்களையும் நோக்கி நின்றன. கணினியில் எழுத இயலாத ஒரு மொழி அந்த 30 விழுக்காட்டு நேரத்தில் எவ்வாறு கற்பிக்கப்படும்? கோவிந்தசாமி பணியாற்றிய சூழலின் நெருக்கடி இதுவே. ஆசிரியர் கல்வித்துறையில் இருந்தவர் என்பதால், வரப்போகும் சிக்கலை மென்பொருள் வல்லுநர்களுக்கு முன்பே உணரும் நிலையில் அவர் இருந்தார்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற முதல் தமிழ் இணைய மாநாடு இம்முயற்சியின் நீட்சியாகும். தமிழகம், இலங்கை, மலேசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா எனப் பல இடங்களில் தனித்தனியே எழுத்துருக்களை உருவாக்கிக்கொண்டிருந்தோர் ஓரிடத்தில் கூடியபோது, ஒவ்வொருவரின் தமிழும் மற்றவரின் கணினியில் படிக்க இயலாததாக இருப்பது வெளிப்படையாயிற்று. அடுத்த மாநாடு 1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் சென்னையில் ‘தமிழ்இணையம்99’ என்னும் பெயரில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் அதனை முன்னின்று நடத்தினார். அம்மாநாட்டின் பரிந்துரைகளை ஏற்று, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களையும் 1999 சூனில் தமிழக அரசு தரமாக அறிவித்தது. தமிழ்99 அமைப்பில் கோவிந்தசாமியின் விசைப்பலகைச் சிந்தனையின் செல்வாக்குத் தெளிவாகக் காணப்படுகிறது. அரசாணை வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1999 மே மாதத்தில், அவர் மறைந்தார்.

விசைப்பலகைக்குள் இலக்கணம்

தமிழ்99 அமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். ஏனெனில் தமிழாசிரியர் இணையத்துக்குள் நுழைய இயல்பாக அமைந்திருக்க வேண்டிய வாயில் அதுவே.

அதற்கு முன்னர் வழக்கிலிருந்தது தட்டச்சுப்பொறியின் அமைப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு, எழுத்தின் வரிவடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. ‘கொ’ என்று எழுத வேண்டுமெனில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என மூன்று விசைகளை அழுத்த வேண்டும். கை எழுதும் வரிசையே விசையின் வரிசை. பொறிக்கு அது பொருந்தியது. தட்டெழுத்துப் பயிலகங்களும் அரசுத் தேர்வுகளும் அவ்வமைப்பைத் தலைமுறைகளுக்குக் கற்பித்தன.

தமிழ்99 வரிவடிவத்தை விட்டு ஒலியமைப்பைப் பற்றிக்கொண்டது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என 31 எழுத்துகளுக்கு மட்டுமே அதில் தனி இடம் தேவை. உயிர்கள் இடக்கைப் பக்கத்திலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைந்தன. ககரத்தை அழுத்தினால் அகரம் ஏறிய ‘க’ தோன்றும். அதனையடுத்து இகரத்தை அழுத்தினால் ‘கி’ ஆகும். மெய்யும் உயிரும் புணர்ந்து உயிர்மெய் ஆகும் இலக்கணம் விரலசைவாகவே மாறிவிடுகிறது. இதைக் காட்டிலும் நுட்பமானது புள்ளியிடும் முறை. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதன் மேல் புள்ளி தானே அமைந்து ‘க்க’, ‘ப்ப’, ‘ட்ட’ எனவரும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தை அழுத்தினாலும் ‘ங்க’, ‘ஞ்ச’, ‘ண்ட’, ‘ந்த’, ‘ம்ப’, ‘ன்ற’ எனப் புள்ளி தானே அமையும். இலக்கண நூலார் மெய்ம்மயக்கம் என்று வகுத்தவற்றுள் உடனிலை மயக்கமும், வேற்றுநிலை மயக்கத்தில் இனவெழுத்துச் சேர்க்கையும் இங்கு மென்பொருளின் விதிகளாகியுள்ளன. ‘மமதை’ போன்ற சொற்களில் புள்ளி தவிர்க்கப்பட வேண்டும் என்பதால், முதல் மகரத்துக்குப்பின் அகரத்தை அழுத்த வேண்டும். விதியைப் போலவே விதிவிலக்கும் இலக்கணத்தாலேயே விளங்குகிறது.

எழுத்திலக்கணம் கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கு இதனைவிட எளிதாக விளக்கத்தக்க கருவி வேறில்லை. ஆனால் தமிழ்99 அவ்வாறு கற்பிக்கப்படவில்லை. பயிற்சிகளில் அது விசைப்படமாகவே அறிமுகமாயிற்று: எந்த விசையில் எந்த எழுத்து என்னும் மனப்பாடமாக. தட்டச்சு அறிந்தோர் பழைய அமைப்பை விடவில்லை. தட்டச்சு அறியாதோர், ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்து எழுதும் முறைக்குச் சென்றனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், அதன்பின் அழகி, எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் முதலிய மென்பொருள்கள் அம்முறையை எளிதாக்கின. விளைவாக, மாணவர்க்கு உயிர்மெய்ப் புணர்ச்சியைக் கரும்பலகையில் விளக்கிய ஆசிரியர், தம் வினாத்தாளை ஆங்கில ஒலிப்பின் வழியாக எழுதிக்கொண்டிருந்தார். இதற்கு அவரைக் குறைகூறுதல் பொருந்தாது. கணினிப் பயிற்சியை வடிவமைத்தோர் மொழிப்பாடத்தின் உள்ளடக்கத்தைத் தொடவில்லை. மொழிப்பாடத்திட்டத்தை வகுத்தோர் விசைப்பலகையைத் தம் எல்லைக்குள் சேர்க்கவில்லை. இரண்டுக்கும் இடையில் தமிழ்99இன் மிகச்சிறந்த பண்பு பயன்படாமற்போயிற்று.

எழுத்துருக் காலமும் படிக்கவியலாத கோப்புகளும்

அரசாணை ஒரு தரத்தை அறிவித்தபின்னும் நடைமுறையில் பல எழுத்துருக்கள் நிலவின. அரசு அலுவலகங்களில் வானவில் பரவியது. அச்சகங்களிலும் கணினி மையங்களிலும் வெவ்வேறு நிறுவனங்களின் எழுத்துருக்கள் இருந்தன. புலம்பெயர்ந்தோரிடையிலும் இலங்கையிலும், பின்னர்த் தமிழகக் கல்லூரிகளிலும் பாமினி வேரூன்றியது. மின்னஞ்சல் குழுக்களின் விவாதத்தில் உருவான டிஸ்கி குறியேற்றத்தை மதுரைத் திட்டம் பின்பற்றியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்களை இலவசமாக வழங்கியது. தமிழ் விரிவுரையாளர்களுள் பலர் இணையத்தில் முதன்முதலாகத் தேடிச் சென்றது அங்கேதான் எனலாம்.

இவ்வெழுத்துருக்களின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதிச் சேமித்தால், கணினியின் நினைவகத்தில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி ஆங்கில எழுத்துகளே தோன்றும். அதாவது அக்கோப்பில் தமிழ் இல்லை. தமிழின் தோற்றம் மட்டுமே உண்டு. அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது, அகரவரிசைப்படுத்த இயலாது, தேடுபொறி அதனைத் தமிழாக அறியாது.

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆயினும் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது 2010 சூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில்தான். ஒருங்குறியைப் பயன்படுத்த இயலாத இடங்களில் டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைக் கையாளலாம் என்றும் அவ்வாணை வகுத்தது. 1999க்கும் 2010க்கும் இடைப்பட்ட பதினோர் ஆண்டுகள் ஆசிரியரைப் பொறுத்தவரை இழப்பின் காலம். அப்போது உருவாக்கப்பட்ட வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள், ஆய்வேட்டுக் கோப்புகள், கருத்தரங்கக் கட்டுரைகள் ஆகியவற்றின் பெரும்பகுதி ஏதேனும் ஒரு தனி எழுத்துருவில் அடைபட்டுக் கிடக்கிறது. பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் தோன்றின. அவை உண்மையில் பெருந்தொண்டு செய்தன. எனினும் தமிழுக்கிடையே ஆங்கிலச் சொல் வரும் கோப்பை வெறும் பனுவலாக மாற்றும்போது, அந்த ஆங்கிலச் சொல்லும் பொருளற்ற தமிழெழுத்துகளாக உருமாறிவிடும். மாற்றிக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. எனவே மாற்றியபின் முழுவதையும் படித்துத் திருத்த வேண்டும். மீண்டும் தட்டச்சு செய்வதே விரைவு என்று கருதியோர் பலர். இரண்டையும் செய்யாது விட்டோர் அவர்களினும் பலர்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. ஆசிரியர் ஒருமுறை கற்றதைக் கொண்டு முன்னேறவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கற்றதை விட்டுவிட்டு மீண்டும் தொடங்கினார். தட்டச்சு அமைப்பு, பாமினி, பின்னர் ஒருங்குறி என மூன்று முறை எழுத்துக்கூட்டக் கற்ற ஒரு தலைமுறை அது. அவர்களுடைய தயக்கத்தை அச்சம் என்று பெயரிடுவதைவிட, முன் நேர்ந்த இழப்பின் நினைவு என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

கருவிகள் வந்தன

இதற்கிடையே நிறுவனங்கள் வளர்ந்தன. 2000 சூலையில் சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்பு உருவாயிற்று. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது, வா.செ. குழந்தைசாமி அதற்குத் தலைமையேற்றார். அயல்நாடுகளில் வாழும் தமிழரின் குழந்தைகளுக்கு மழலைக்கல்வி முதல் இளங்கலைப் பட்டம் வரை இணையவழியே தமிழ் கற்பிப்பது அதன் நோக்கம். தமிழகத்து ஆசிரியர் அந்நோக்கத்தில் இல்லை. ஆயினும் அதன் மின்னூலகத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர் அவரே. அப்பல்கலைக்கழகம் 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகமாயிற்று.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை மாணவரும் கல்லூரி மாணவரும் மடிக்கணினி பெற்றனர். ஆசிரியர் பெறவில்லை. ஒரே வகுப்பறையில் மாணவர் கையில் மடிக்கணினியும் ஆசிரியர் கையில் சுண்ணக்கட்டியும் இருந்த அந்நிலை வியப்புக்குரியது. கற்பிப்பவர் கற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அங்கே தொடங்கிற்று. ஆசிரியர்–மாணவர் உறவு பற்றிய மரபான எண்ணங்களில் அது ஏற்படுத்திய மாற்றம் தனியே ஆராயத்தக்கது.

ஆசிரியரைப் பயனாளராக மட்டுமன்றி ஆக்குநராகக் கருதிய முயற்சிகள் சிலவே. 2017இல் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் வழியே நடந்த தமிழ் விக்கிப்பீடியா பயிற்சி அவற்றுள் ஒன்று. கட்டுரை எழுதி முடிப்பதற்கு ஒருங்குறித் தட்டச்சு, சான்று காட்டுதல், பிறர் திருத்தத்தை ஏற்றல் ஆகிய மூன்றும் தேவைப்பட்டன. மூன்றாவதே பலருக்குக் கடினமாயிருந்தது என்று கருத இடமுண்டு. சிவப்பு மையால் பிறரைத் திருத்திய கை, தான் எழுதியதை முகமறியாத ஒருவர் திருத்தக் காண்பது எளிதன்று.

அதே ஆண்டில் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் பாடத்திட்ட மாற்றத்துக்கான உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. 1999இல் விசைப்பலகையைத் தரப்படுத்திய மாநாட்டை முன்னின்று நடத்தியவரே, பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் பாடநூலை மாற்றும் பணிக்கும் தலைமையேற்றார். 2018–19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. அவை 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தீக்சா தளத்தின் காணொலிகளுக்கு இட்டுச்சென்றன. பாடநூலே இணையத்தின் வாயிலாயிற்று. ஆனால் குறியீட்டைப் படிக்கத் திறன்பேசி வேண்டும். மாணவர் பள்ளிக்குத் திறன்பேசி கொண்டுவரலாகாது. ஆகவே ஆசிரியரின் சொந்தத் திறன்பேசியும், அவர் சொந்தச் செலவில் பெற்ற இணைய இணைப்பும் அரசுப் பாடநூலின் ஒரு பகுதியாயின. 2016 செப்டம்பருக்குப்பின் தரவுக்கட்டணம் பெரிதும் குறைந்திராவிடில் இத்திட்டம் எவ்வாறு நடந்திருக்கும் என்பது ஊகத்துக்குரியது.

2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதும் 6,000க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. இவை அனைத்தும் அடுத்த ஆண்டு நேரவிருந்ததை எண்ணி அமைக்கப்பட்டவை அல்ல.

2020

2020 மார்ச்சு 17 முதல் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. 10, 12ஆம் வகுப்புகள் 2021 சனவரி 19 அன்றும், 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறக்கப்பட்டு, இரண்டாம் அலையில் மீண்டும் மூடப்பட்டன. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் செப்டம்பர் 1 அன்று திறந்தன. தொடக்க வகுப்புக் குழந்தைகள் 2021 நவம்பர் 1 வரை, ஏறத்தாழ பத்தொன்பதரை மாதங்கள், பள்ளி வாயிலைக் காணவில்லை.

இக்காலத்தில் ஆசிரியர் இணையக் கருவிகளைக் கற்ற வேகத்துக்கு முந்தைய கால்நூற்றாண்டில் ஒப்புமை இல்லை. கற்ற முறையும் வேறு. பயிற்சி அரங்குகள் நடத்த இயலாத சூழலில், ஆசிரியர் ஆசிரியரிடம் கற்றார். சூம் செயலியில் திரையைப் பகிர்வது எவ்வாறு, கூகுள் படிவத்தில் வினா அமைப்பது எவ்வாறு, காணொலியின் அளவைக் குறைப்பது எவ்வாறு என்பன வாட்சப் குழுக்களில் குரற்பதிவுகளாகவும் திரைப்படிவங்களாகவும் பரவின. பள்ளி, ஒன்றியம், மாவட்டம் என்னும் நிருவாக எல்லைகளை அக்குழுக்கள் பொருட்படுத்தவில்லை. இருபது ஆண்டுகளாகச் சுற்றறிக்கை சாதிக்காததைச் சில வாரங்களில் தோழமை சாதித்தது எனின் மிகையன்று.

கருவிகள் பாடத்தின் வடிவத்தையும் மாற்றின. சூம் செயலியின் கட்டணமில்லாக் கூட்டம் நாற்பது நிமிடங்களில் முடிந்துவிடும். பள்ளிப் பாடவேளையோடு ஏறத்தாழப் பொருந்திய அவ்வளவை எந்தக் கல்விக்குழுவும் வகுக்கவில்லை. ஒரு வணிக நிறுவனத்தின் விற்பனை உத்தி வகுத்தது. எனினும் அவ்வளவுக்குள் செய்யுள் ஒன்றைப் படித்து, சீர் பிரித்து, பொருள் கூறி முடிக்க ஆசிரியர் பழகிக்கொண்டார். நடுவண் கல்வித்துறை 2020 சூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதல் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிட அமர்வுகள் இரண்டனுக்கு மிகலாகாது என்றும், 9 முதல் 12 வரை நான்கனுக்கு மிகலாகாது என்றும் வரையறுத்தது.

தேர்வு முறையில் நேர்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. கூகுள் படிவம் தானே மதிப்பெண் இடும். ஆனால் சிறுவிடையை அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே மதிப்பிடும். ‘தமிழ்ப்பாடம்’ என்பது விடையாக இடப்பட்டிருப்பின், இடைவெளிவிட்டு ‘தமிழ்ப் பாடம்’ என்று எழுதிய மாணவரும் ஒற்று விடுத்து ‘தமிழ்பாடம்’ என்று எழுதியவரும் விடையே எழுதாதவரும் அதற்கு ஒன்றே. ஒற்றுப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்து விடைக்கு மதிப்பெண் தரும் ஆசிரியரின் நிதானம் அதற்கில்லை. இதனை விரைவில் உணர்ந்த தமிழாசிரியர்கள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு மாறினர். கட்டுரை, கடிதம், செய்யுள் நயம் ஆகியவை படிவத்திலிருந்து மறைந்தன. தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பச் செய்து, சிறிய திரையில் பெரிதாக்கிப் படித்துத் திருத்தியோரும் உளர். அவர்கள் செலவிட்ட நேரம் எந்த வருகைப்பதிவிலும் ஏறவில்லை.

மாறாக, குரற்பதிவு தமிழ்ப்பாடத்துக்கு எதிர்பாராத துணையாயிற்று. செய்யுளை இசையுடன் ஓதி அனுப்புவதும், மாணவர் திரும்ப ஓதி அனுப்புவதும் மிகக்குறைந்த தரவில் நடந்தன. வகுப்பறையில் ஐம்பது பேருடன் சேர்ந்து ஓதும் குழந்தையின் லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஆசிரியர் தனித்துக் கேட்பது அரிது. குரற்பதிவில் ஒவ்வொரு குரலும் தனியே வந்தது. பழைய திண்ணைப்பள்ளியில் மாணாக்கர் ஒருவர்பின் ஒருவராக ஒப்பித்த முறைக்கு இது நெருங்கியது. நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த ஒரு பயிற்றுமுறையைத் திறன்பேசி திரும்பக் கொணர்ந்தது கருதத்தக்கது.

எனினும் இவை அனைத்தும் திறன்பேசி எட்டிய வீடுகளின் வரலாறு. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017–18) இந்தியாவின் ஊரக வீடுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டிலும் நகர்ப்புற வீடுகளில் 42 விழுக்காட்டிலும் மட்டுமே இணைய வசதி இருந்ததாகக் காட்டுகிறது. இருந்த திறன்பேசியும் பெரும்பாலும் தந்தையுடன் பகலில் வேலைக்குச் சென்றது. அதனால் பல ஆசிரியர்கள் வகுப்பை மாலைக்குப்பின் நடத்தினர். வீட்டில் இரு குழந்தைகள் இருந்தால் மூத்த குழந்தையின் பொதுத்தேர்வு முந்தியது. இளைய குழந்தை காத்திருந்தது. அரசும் இதனை அறியாமலில்லை. 2020 சூலையில் 12ஆம் வகுப்பு மாணவர் தம் மடிக்கணினியுடன் பள்ளிக்கு வந்து, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலிருந்து காணொலிப் பாடங்களைப் பதிவுசெய்து திரும்பினர். இணையவழிக் கல்வி இணையமின்றிக் கையில் எடுத்துச்செல்லப்பட்டது. கல்வித் தொலைக்காட்சி பாட அட்டவணையுடன் ஒளிபரப்பியது. 2021 சனவரியில் கல்லூரி மாணவர் 9.69 இலட்சம் பேருக்கு நாள்தோறும் 2 ஜிபி தரவு நான்கு மாதங்களுக்கு அறிவிக்கப்பட்டது. பள்ளிக் குழந்தைகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. தொடர்புகொள்ள இயலாத மாணவரைத் தேடி ஊர்களுக்குச் சென்று, மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் நடத்திய ஆசிரியர்களின் செய்திகள் நாளிதழ்களில் வந்தன. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், இழந்த கற்றலை மீட்கத் தன்னார்வலரை வீதிகளுக்கே அனுப்பியது. கருவியைக் கற்றுத் தேர்ந்த ஆசிரியர் கருவியின்றி நடந்து சென்றதையும் இவ்வரலாறு குறிக்க வேண்டும்.

மு. ஆனந்தகிருஷ்ணன் 2021 மே 29 அன்று பெருந்தொற்றால் மறைந்தார்.

சான்றுகளின் நிலை

இக்காலத்தை ஆராயப்போகும் வரலாற்றாசிரியருக்கு அரசாணைகள் கிடைக்கும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூப் தளத்தில் உள்ளன. பாடநூல்களும் மின்வடிவில் கிடைக்கின்றன. ஆனால் ஆசிரியர் ஆசிரியருக்குக் கற்பித்த குரற்பதிவுகள், மாணவர் ஓதி அனுப்பிய செய்யுள்கள், இரவு நேரத்தில் திருத்தப்பட்ட விடைத்தாள் படங்கள் ஆகியவை தனியார் திறன்பேசிகளில் மட்டுமே இருந்தன. பள்ளி திறந்தபின் குழுக்கள் கலைக்கப்பட்டன. நினைவகம் நிரம்பியபோது பதிவுகள் அழிக்கப்பட்டன. கைப்பேசி பழுதானபோது எஞ்சியவையும் நீங்கின. 2000க்குப் பிந்தைய பத்தாண்டின் பாமினிக் கோப்புகளையாவது மாற்றியின் துணையால் இன்றும் திறந்து படிக்கலாம். 2020இன் குரற்பதிவுகளில் எஞ்சியிருப்பவற்றைத் திரட்டுவதற்குத் தமிழகத்தில் எந்த ஆவணக்காப்பகமும் இதுவரை முறையான திட்டம் வகுத்ததாகத் தெரியவில்லை. அப்பதிவுகளை வைத்திருக்கும் ஆசிரியர்கள் பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.